பெஞ்சின் கடைசி ஓரம்

1

இந்தக் கதை எனக்குக் கழிப்பறை வரிசையில் கிடைத்தது. வேறு ஏதாவது கௌரவமான இடத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கொரியாவின் குன்சான் பேஸ்பால் மைதானத்தில் ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும், பீர் குடித்த ஊரே அங்கேதான் நிற்கும், நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள். ஒருவர் கையில் காய்ந்த கணவாய் மீன், இன்னொருவர் கையில் அதை வாய்க்கும் கைக்குமாக இழுத்துப் பிய்த்த மிச்சம்.

"பையனைப் போய்ப் பெஞ்சுல ஊறப்போட்டா ஊறுகாயாத்தான்யா ஆவான். இளசு தினமும் ஆடணும். கிழத்தை உட்கார வை, அது பழகின கட்டை."

"நீ ஒரு கிழம், அதான் கிழத்துக்கு இடம் கேக்குற. உட்கார வைக்கிறதுக்கு எதுக்கு சம்பளம்? இளசு பக்கத்துல உட்கார்ந்து நாலு ஆட்டத்தைப் பார்க்கட்டும், நாளைக்கு உதவும்."

வரிசை நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. வெளியே கூட்டம் கூரை பிய்யக் கத்தியது. ஆட்டத்தை மாற்றிய அடி அது. மூன்று பேரும் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஏம்ப்பா, நீ வெளியூர்க்காரன், பொதுவா ஒரு நியாயம் சொல்லு."

வெளியூர்க்காரனாம். இந்த ஊர்க் கப்பல் பட்டறையில் வேலை செய்தே என் தலை நரைத்துவிட்டது. "ரெண்டு பேரையும் உட்கார வச்சா என்ன?" என்றேன். அதுவரை அடித்துக்கொண்டவர்கள் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அந்த வயிற்றெரிச்சலில் எழுதுவதுதான் இது.

2

முதல் வரி: 'மாலை வெயில் குன்சான் மைதானத்தின் மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த

(வேண்டாம். அன்று மேகமூட்டம். தவிர, நான் இப்படி எழுத ஆரம்பித்தால் என் மனைவி பக்கத்து அறையிலிருந்தே கொட்டாவி விடுவாள்.)

இன்னொரு முதல் வரி: 'பாங் தொக்சுவுக்கு முப்பத்தெட்டு வயது, அவருடைய முழங்காலுக்கு அறுபது.'

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

பாங் தொக்சு, குன்சான் கொக்குகள் அணியின் மாற்று ஆட்டக்காரர். மூன்று மணி நேரம் பெஞ்சின் கடைசி ஓரத்தில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில், தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை மெத்தைத் துண்டின் மேல் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் இக்கட்டில் மாட்டும்போது எழுந்து போய் ஒரு பந்தை அடிப்பார். அல்லது அடிக்கமாட்டார். திரும்பி வந்து அதே மெத்தையில் உட்காருவார். அவருக்கு அது போதும். 'போதும்' என்று எழுதியது தப்பு. அது இல்லாவிட்டால் செத்துப்போவார் என்று எழுதவேண்டும்.

அந்த அணி இல்லை, அந்த மனிதர் இல்லை, எல்லாம் என் கற்பனை. காலத்தை மட்டும் வேண்டுமென்றே இருபத்தைந்து வருடம் பின்னால் தள்ளியிருக்கிறேன். வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்து நடுவரின் தீர்ப்பை மாற்றும் வழக்கம் அப்போது இல்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும். எழுத்தாளனுக்கு இந்த அளவு தில்லுமுல்லு கூட இல்லையென்றால் எதற்குப் பேனா?

3

பக்கத்து இடம் ப்யோ இன்தேவுக்கு. இருபது வயது, அணியின் எதிர்காலம் என்று பத்திரிகைகள் எழுதுகிற பையன். எதிர்காலம் என்பதால் அவனை ஆடவிடாமல் பத்திரமாகப் பெஞ்சில் வைத்திருந்தார் மேனேஜர் கூ. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டு போல.

இங்கே நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். மூத்தவர் இளையவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித்தருவார், வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்லித்தருவார், கடைசியில் பையன் கண் கலங்குவான். அந்தக் கதை வேண்டுமானால் வேறு கடைக்குப் போங்கள். தொக்சு யாருக்கும் எதுவும் சொல்லித்தருகிற ஆளில்லை. பையனின் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தில் பாதியைத் தின்றுவிட்டுத் தோலை அவன் செருப்பில் போடுகிற ஆள்.

அன்று ஆட்டத்துக்கு முன்னால் மேனேஜர் கூ இருவரையும் கூப்பிட்டார்.

"நம்ம மூணாந்தளத்துல நிக்கிறவனுக்குக் கால் காயம் ஆறிடுச்சு. நாளைக்கு வர்றான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் ரெண்டாம் அணிக்குப் போகணும்."

"சரிங்க சார்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"தொக்சு, நான் வளைச்சுப் பேசறவன் இல்ல. என் மனசு பையன் பக்கம். ஆனா இன்னிக்கு ஆட்டத்துல பார்ப்போம். யார் உதவுறானோ அவன் இங்க."

"சரிங்க சார்."

இரண்டாம் அணி என்பது ஊருக்கு வெளியே, ஆளில்லாத மைதானத்தில், தினமும் வெயிலில் ஆடுவது. இருபது வயதுக்காரனுக்கு அது தீனி. முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு அது ஓய்வு பெறு என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை.

4

ஐந்தாவது இன்னிங்ஸில் பையன் வாயைத் திறந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்குவேன். சொல்லு."

"எனக்கு இந்த பெஞ்சு வேண்டாம்ணே. வந்ததுலேர்ந்து மட்டை பிடிச்சதே கை விரல்ல எண்ணிடலாம். பந்து வர்ற வேகமே மறந்துபோச்சு. ரெண்டாம் அணிக்கு அனுப்பினா தினமும் நாலு தடவை ஆடுவேன். நீங்க சார்கிட்ட சொல்லுங்களேன்."

தொக்சு மெல்லுவதை நிறுத்தினார். அவருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். கழுதைக்குட்டி மாதிரி துள்ளுகிற சந்தோஷம். உடனே அது சுருண்டது.

"நான் எப்படிடா சொல்றது? கிழவன் தன் இடத்தைக் காப்பாத்திக்கப் பையனைத் துரத்துறான்னு ஊரே சிரிக்கும். நீ போய்ச் சொல்லு."

"நானா? சார் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காரு. வேண்டாம்னா, வாய்க்கொழுப்புன்னு பிடரில ஒண்ணு விழும். அப்புறம் எந்த அணியும் இல்ல."

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும். அவரு உனக்குத்தான் குடுப்பாரு."

"ஆமாண்ணே."

"நல்லா இருக்குடா நம்ம நியாயம்," என்றார் தொக்சு. பொட்டலத்துக்குள் கையை விட்டுத் துழாவி, "இன்னும் விதை இருக்கா?" என்று கேட்டார்.*

* உங்கள் அலுவலகத்திலும் இப்படித்தானே நடக்கிறது? வேண்டாதவனுக்குப் பதவி உயர்வு, வேண்டியவனுக்குப் பொன்னாடை. கொரியாவைக் குறை சொல்லாதீர்கள்.

5

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது, பின்பாதி: கொக்குகள் அடிக்கும் முறை. எண்ணிக்கை சமம். கொக்குகளில் இரண்டு பேர் அவுட்டாகிவிட்டார்கள், மூன்றாமவரும் அவுட்டானால் முறை முடிந்தது; மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிறது. ஒரே ஒருவர் 'வீடு' என்கிற அடிக்கும் இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தால் வெற்றி.

மேனேஜர் கூ திரும்பினார். "ப்யோ! போ."

இந்த இடத்தில் நான் மூன்று நாள் உட்கார்ந்தேன்.

(அ) பையன் போய் ஓங்கி அடித்துப் பந்தைக் கடலில் போடுகிறான். வரிசையில் நின்ற இரண்டாவது பெரியவருக்குச் சந்தோஷம். கதை அங்கேயே படுத்துவிடும்.

(ஆ) பையன் வேண்டுமென்றே மூன்று பந்தையும் விட்டு அவுட்டாகிறான். இதை நம்பி ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன். இருபது வயதுக் கை, பந்து வந்தால் சும்மா இருக்காது. மனசு சொன்னாலும் கேட்காது.

(இ)

"சார்," என்றான் இன்தே. முகத்தைக் கோணிக்கொண்டு வயிற்றைப் பிடித்தான். "வயித்தக் கலக்குது சார்."

"இப்பவா? இப்பவாடா கலக்கும் உனக்கு?"

"மத்தியானம் தின்ன ஜம்பொங் நூடுல்ஸ் சார். சிப்பி கெட்டுப்போயிருக்கும் போல."

(நான் மனசில் வைத்திருக்கும் ஜம்பொங் கடையில் சிப்பி கெடாது. நான் வாரம் ஒருமுறை சாப்பிடுகிறேன். இருந்தாலும் பையன் சொந்தமாகச் சொன்ன முதல் பொய், கெடுக்க மனமில்லை.)

கூ தன் தொப்பியைத் தரையில் அடித்தார். "தொக்சு! எழுந்து தொலை!"

தொக்சு எழுந்தார். முழங்கால் இரண்டும் கேட்கும்படி முனகின. பையனைத் தாண்டும்போது, உதடு அசையாமல், "இதுக்கு உன்னை அப்புறம் உதைக்கிறேன்," என்றார். பையன் வயிற்றைப் பிடித்தபடியே தலையைக் குனிந்து சிரித்தான்.

6

எதிரணியின் பந்து வீச்சாளன் ஓக் ஜின்மோ, இருபத்து மூன்று வயது. தொக்சு படித்த அதே பள்ளிக்கூடம். பழைய மாணவர்கள் வந்து பன்றி இறைச்சி சுட்டுப்போடும் நாளில், தொக்சு கையால் வாயில் ஊட்டப்பட்டு வளர்ந்தவன். இங்கே பள்ளியில் மூத்தவர் என்றால் அண்ணன்; அப்படிப்பட்டவரின் உடம்புக்குப் பக்கத்தில் பந்தை வீச அவனுக்குக் கை வரவில்லை. தள்ளித் தள்ளியே வீசினான். அதிலும் இரண்டைத் தொக்சு அடிக்கப் பார்த்துக் கோட்டைவிட்டார். இன்னும் ஒன்றை விட்டால் அவுட்.

பந்து பிடிப்பவன் குந்திக்கொண்டே சைகை செய்தான்: உடம்பை ஒட்டி உள்ளே வீசு. ஜின்மோ தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி அதே சைகை. வேறு வழியில்லாமல் வீசினான்.

பந்து நேராக விலாவைத் தேடி வந்தது. தொக்சு வில்லாக வளைந்தார். பந்து சட்டையை ஒட்டிப் போய்க் கையுறைக்குள் விழுந்தது.

பட்டதா? நடுவருக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குத் தெரியவில்லை. எனக்கும் தொக்சுவுக்கும் தெரியும்: படவில்லை. காற்றுதான் பட்டது.

ஆனால் அதற்குள் ஜின்மோ தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடிய, முகம் முழங்காலைப் பார்க்கக் குனிந்துவிட்டான். இங்கே தம்பி வீசிய பந்து அண்ணன் மேல் பட்டால் அப்படித்தான் செய்யவேண்டும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. சூடு பட்ட கை பின்னுக்கு வருகிற மாதிரி முதுகு தானாகக் குனியும். பந்து பட்டதா என்று பார்க்க அவன் முதுகு காத்திருக்கவில்லை.

நடுவர் பந்தைப் பார்க்கவில்லை, குனிவைப் பார்த்தார். கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

கூ ஓடிவந்தார். "பட்டுச்சு! வீசினவனே மன்னிப்புக் கேக்குறான், இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

எதிரணி மேனேஜரும் ஓடிவந்தார். "அது மரியாதைக்குக் குனிஞ்சதுய்யா! மரியாதை தெரிஞ்ச பையன் ஒரு தப்பா?"

"மரியாதைக்குக் குனியறவன் பந்து போடறதுக்கு முன்னால குனியணும்!"

பட்டது என்றால் தொக்சுவுக்கு முதல் தளம் இலவசம். ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு மூன்றாம் தளத்து ஆள் வீடு வருவார், ஆட்டம் வெற்றி, பச்சை மெத்தை தொக்சுவுக்கே. படவில்லை என்றால் இன்னொரு பந்து. அந்த வேகத்துக்கு அவர் கை இனிமேல் எட்டாது என்று அவருக்குத் தெரியும்.

நடுவர் இருவரையும் விலக்கிவிட்டுத் தொக்சுவின் அருகில் வந்தார். அவரும் அதே பள்ளிக்கூடம்; தொக்சுவுக்கு ஆறு வருடம் மூத்தவர். (ஊரில் வேறு பள்ளிக்கூடமே இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. அங்கே பேஸ்பால் இல்லை.)

"தம்பி," என்றார் மெதுவாக. "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. பட்டுச்சா?"

7

பொய் சொன்னால், தனக்கு அண்ணனான நடுவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் இடம் போகும். பையனும் அந்தப் பெஞ்சிலேயே ஊறுவான், சிப்பி மேல் போட்ட பழி வீணாகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று எழுதிவிட்டு நானும் எழுந்து காபி போடப் போயிருக்கலாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என்னை நீங்கள் மன்னிக்கக்கூடாது.

ஜின்மோ இன்னும் நிமிரவில்லை.

அண்ணன் தலையசைத்தால்தான் தம்பி நிமிரலாம். பரவாயில்லைடா, வலிக்கவில்லை என்று ஒரு சின்னத் தலையசைப்பு. அதைத் தருவதுதான் பெரிய மனுஷத்தனம். தராமல் ஒரு பையனை ஊர் பார்க்கக் குனிய வைத்திருப்பது அசிங்கம். ஆனால் இந்த நிமிஷம் தொக்சு தலையசைத்தால் அதுவே நடுவருக்கும் பதில். மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் பந்து பட்டது என்றுதான் ஆகும்.

அவர் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். இன்தே வயிற்று வலியை மறந்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்று, பச்சை மெத்தையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். அதன் மேல் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதாம்.

தொக்சுவின் கண்ணில் தண்ணீர் வந்தது. (அடிக்கலாமா இந்த வரியை? வேண்டாம். வந்தது.)

8

எழுதிய வரைக்கும் வரிசையில் நின்ற அந்தப் பெரியவர்களுக்கு ஜம்பொங் கடையில் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒருவர், "தலையசைக்கட்டும்யா, யாருக்கு நஷ்டம்?" என்றார். இன்னொருவர் சிப்பி ஓட்டைத் தட்டில் எறிந்தார். "அசைச்சா, அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல அந்த ஜின்மோ பையன் கையால சுட்ட கறியை எப்படித் திம்பான்?" நான் சொல்லாத ஒன்றையும் அவரே சொன்னார். "பட்டுச்சா இல்லையான்னு நிமிர்ந்தப்புறம் அவனுக்கும் தெரியும்ல?"

பிறகு இருவரும், "நீ என்ன எழுதப்போற?" என்றார்கள்.

ஒன்றும் எழுதப்போவதில்லை. கிழவன் பக்கம் எழுதினால் ஒருவர் அடிப்பார், பையன் பக்கம் எழுதினால் இன்னொருவர். உண்மையின் பக்கம் எழுதினால் தொக்சுவும் இன்தேவும் சேர்ந்து கெட்டுப்போவார்கள், பொய்யின் பக்கம் எழுதினால் மூன்றாவதாக ஜின்மோ கெட்டுப்போவான். நான் களைத்துவிட்டேன். என் இடத்தில் மாற்று ஆள் ஒருவர் இறங்க வேண்டும்.

முதல் வரியிலிருந்து நீங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? இருபதோ அறுபதோ, உங்கள் வயதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுந்திருங்கள். தொக்சுவின் தலை இப்போது உங்கள் கழுத்தில். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆமாமா இல்லையா என்று தெரியாதபடி நம் ஊர்ப் பாணியில் பக்கவாட்டில் ஆட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வந்த புதிதில் நான் ஆட்டிப் பார்த்தேன், இங்கே யாருக்கும் புரிவதில்லை. மறுபடி கேட்பார்கள்.

யோசியுங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியாது. பையன் இன்னும் குனிந்தே நிற்கிறான்.