ஓரத்தில் எழுதியது

நடுச்சாமம் தாண்டியும் ரோஷன் பேகத்துக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துப் பாயில் கிடந்த அண்ணன் மனைவி ஃபக்ருன்னிசாவின் கம்பளியை இழுத்தாள்.

"குளிருதுன்னா அடுப்படியில போய்ப் படு."

"மதினி, ஒண்ணு சொல்லணும். அத்தாகிட்ட சொல்லிராதீங்க."

"எவன்டி அவன்?" மதினி சிரித்தாள்.

"ஃபாரஸ்ட் ரேஞ்சர்."

சிரிப்பு நின்றது. நீங்க நினைக்கிற மாதிரி இல்லை என்று ரோஷன் அவசரமாகச் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

அவளைப் பெற்ற அத்தா ஜலாலுதீன், கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடைக்காரர். ஏரி எப்படி வந்தது, துரைமார் எந்த வழியாக டோலியில் மலையேறினார்கள் என்று ஆறு வருஷமாக ஊரின் கதையை எழுதிவந்தார். தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த ரோஷனுக்கு இரண்டும் வரும். அச்சாபீசுக்கு அவள்தான் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்தாள்.

தாளின் ஓரத்தில் அத்தா தனக்கென்று குறிப்புகள் எழுதிவைப்பார். அதையெல்லாம் விட்டுவிடு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் மலைக்காரர்களைப் பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோனது ரோஷனுக்குப் பிடிக்கவில்லை. ஓரத்திலோ நிறைய இருந்தது. தேன் கொண்டுவரும் ஒச்சன் நம்பிச் சொன்னவை. எஸ்டேட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த அவன் ஆட்கள் பதினோரு பேர் பேத்துப்பாறைக்குக் கீழே எந்த ஓடையோரம், எந்தக் குகையில் இருக்கிறார்கள் என்பதுவரை. அதை அவள் உள்ளே சேர்த்து, அழகாக வாக்கியம் அமைத்திருந்தாள்.

அந்தப் பதினோரு பேரைத்தான், எஸ்டேட்டுக்குப் பிடித்துக்கொடுக்க, ரேஞ்சர் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"புஸ்தகம் இன்னைக்கித்தான் வந்துச்சு. சாயங்காலம் அத்தாவே அவர் கையில குடுத்தாரு. நான் திரைக்குப் பின்னால நின்னேன். பெரட்டிக்கிட்டே வந்தவரு ஒரு பக்கத்துல நின்னுட்டாரு. மூலைய மடிச்சாரு. 'ரொம்ப உபயோகமான புஸ்தகம், பாய்'னாரு. அத்தாவுக்குச் சந்தோஷத்துல சோறு எறங்கல."

மதினி எழுந்து விளக்கைத் தூண்டினாள். "அந்தக் குகையில இருக்குற ஒய்யம்மா புள்ள பெத்து இன்னும் பத்து நாள் ஆகல. எந்திரி. நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு."

அத்தாவும் தூங்கவில்லை. புத்தகக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்க முடியாத பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தார். ரோஷன் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். திரும்ப வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்.

"ஒச்சன் யார்கிட்டயும் சொல்லாததை எங்கிட்டச் சொன்னான்" என்றார். அவளைத் திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

கீழே பேத்துப்பாறைச் சாலையில் லாந்தர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நாலோ ஐந்தோ. நாய் ஒன்று குரைத்தது. யாரோ அதட்டி அடக்கினார்கள்.

"குறுக்குப் பாதையில எறங்குனா முந்திரலாம்" என்றார் அத்தா. மதினி விளக்கை நீட்டினாள். வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாங்க மறுத்தார்.

வாசலில் ஒருதரம் நின்றார்.

"நீ நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. கண்ணு தெரியாதவன்கூடப் போயிச் சேந்திருவான்."

மூடுபனிக்குள் அவர் இறங்கினார். சாலையில் லாந்தர்கள் வளைவைத் தாண்டிவிட்டிருந்தன.