எல்லாக் கருவிகளும் சரி

1

இந்தக் கதை அக்கா கேட்டதால் வந்தது. கணினி படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் தர்க்கவியல் பாடம் நடத்துகிறாள். "வெற்றுக் கணம், உள்ள ஒண்ணுமே இல்லாத தொகுப்புன்னு ஆரம்பிச்சாலே பாதி வகுப்பு தூங்கிடுதுடா. பயந்து முழிச்சுக்கற மாதிரி ஒரு கதை எழுதிக் குடு," என்றாள். எழுதுகிறவனுக்கே பயம் பிடித்துக்கொள்ளும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

2

கிடங்கின் கதவைத் திறந்ததும் ஒரு விநோதமான வாடை

(வேண்டாம். வாடை வந்தால் ஆள் ஓடிவிடுவான், கதை அங்கேயே முடிந்துவிடும்.)

நேராகவே சொல்கிறேன். ஆப்பிள் கிடங்கு. பழம் கெடாமலிருக்க உள்ளே பிராணவாயுவைக் குறைத்து நைட்ரஜனை நிரப்பியிருக்கிறார்கள். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தெரியாமல் நுழைந்தவன் "ஐயோ" என்பதற்குள் சாய்ந்துவிடுவான். அதனால்தான் சுவரெல்லாம் காற்றை அளக்கும் கருவிகள், கதவுக்கு மேல் ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு நிரல் எழுதியவள் ஒரு பெண்: "இணைப்பிலுள்ள எல்லாக் கருவிகளும் 'சரி' என்றால், பச்சை."

3

இன்று காலை யாரோ கருவிகளின் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். இணைப்பில் ஒன்றுகூட இல்லை. விளக்கு பச்சை.

(பிள்ளைகளே, நிரல் பொய் சொல்லவில்லை. 'எல்லாம் சரி' என்பதைப் பொய்யாக்க, 'சரியில்லை' என்று சொல்லும் ஒரு கருவியாவது வேண்டும். கருவியே இல்லாதபோது மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?)

அந்தப் பெண்ணின் தம்பி அங்கே மெக்கானிக். போனில் சொன்னான்: "பச்சை எரியுதுக்கா. உள்ள ஃபேனைப் பார்த்துட்டு வந்துடறேன்."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவள் திரையைப் பார்த்தாள். இணைப்பில் உள்ள கருவிகள்: பூஜ்யம்.

திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

4

இதுவரை எழுதியதை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"தம்பியை ஏன்டா அனுப்பின? வேற ஆளே கிடைக்கலையா?"

"வேற ஆளை அனுப்பினா உனக்குப் பயம் வராதேக்கா."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவளுக்கு நான் ஒரே தம்பி. அந்த மெக்கானிக்கும் என்னைப் போலவே, பேசி முடிக்கும் முன் போனை வைக்கிறவன்.

"விளையாடாதே. அவன் வெளிய வந்துட்டான்னு எழுதிடு," என்றாள்.

5

அவள் கிடங்குக்கு ஓடி, கதவைத் திறந்தபோது அவன்

கதவைத் திறந்தபோது

அவன்

அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கூப்பிட்டாள்.

"என்னடா ஆச்சு?"

"நான் எழுதின எல்லா முடிவுலயும் அவன் பொழைச்சுட்டான்க்கா."

"அப்பாடா," என்றாள். தர்க்கம் நடத்துகிறவள் அல்லவா, மெதுவாகக் கேட்டாள்:

"எத்தனை முடிவுடா எழுதின?"