யார் கரண்டில் யார் பெட்டி

மீட்டரம்மா காலையிலிருந்தே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் துறைமுகத்தில் கிரேன், லாரி, கரையில் கட்டிய கப்பலின் விளக்கு வரை எல்லாம் கரண்டில்தான் ஓடுகின்றன. ஒரே நேரத்தில் இழுக்கும் மொத்தக் கரண்டும் திரையிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இந்த மாதம் இரண்டு முறை தாண்டிவிட்டது. இன்னொரு முறை தாண்டினால் அவள் நாற்காலி கம்ப்யூட்டருக்கு என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தாண்ட வைக்கும் புண்ணியவான்கள் இரண்டு பேர். ஒன்றாம் கிரேனில் மச்சான். இரண்டாம் கிரேனில் அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஒருவர் சரக்குப் பெட்டியைத் தூக்கினால் மற்றவருக்குக் கை சும்மா இருக்காது. போட்டிக்கு அவரும் தூக்குவார், கரண்ட் கோட்டைத் தாண்டி எகிறும்.

அவள் வாக்கிடாக்கியில் நியாயம் பேசினாள்.

"ஒருத்தர் தூக்கும்போது இன்னொருத்தர் இறக்குங்க. பெட்டி இறங்கும்போது கிரேன் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். அதுலயே மத்தவர் பெட்டி பாதி தூரம் ஏறிடும்."

சொல்லியிருக்கவே கூடாது.

"என் கரண்டுல அவன் தூக்கறதா?" என்றார் மச்சான்.

"அவருக்கு நான் எதுக்குத் தரணும்?" என்றார் மாப்பிள்ளை.

இரண்டு பெட்டிகளும் அந்தரத்தில் நின்றன. கப்பல் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. மேலதிகாரி படியேறி வரும் சத்தம் கேட்டது.

மீட்டரம்மா மச்சானை மட்டும் வாக்கிடாக்கியில் தனியாக அழைத்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மாப்பிள்ளை கிரேன்ல தெம்பே இல்ல. அவர் தூக்கற நேரம் பாத்து நீங்க இறக்குனாத்தான் அவர் பொழப்பு ஓடும். வெளிய சொல்லிடாதீங்க, பாவம், மானம் போயிடும்."

"அப்படியா சங்கதி!" மச்சான் குரலில் சந்தோஷம் வழிந்தது. பெட்டி உடனே இறங்கியது.

மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னாள், ஆளை மட்டும் மாற்றி.

அதன் பிறகு மச்சான் தூக்கினால் மாப்பிள்ளை இறக்கினார், மாப்பிள்ளை தூக்கினால் மச்சான் இறக்கினார். மேலதிகாரி உள்ளே வந்தபோது கரண்ட் கோட்டுக்குக் கீழே பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தது. அவர் சிரிக்காமலேயே திரும்பிப் போனார்.

வேலை முடிந்து இருவரும் வாசலில் நேருக்கு நேர் வந்தார்கள். மீட்டரம்மா ஜன்னலுக்கு ஓடினாள். இருவரில் ஒருவர் வாயைத் திறந்தாலும் அவள் குட்டு உடைந்துவிடும்.

மச்சான் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "முடியலன்னா சொல்லுங்க மாப்ள, நான் இருக்கேன்."

"நீங்க உடம்பைப் பாத்துக்கங்க மச்சான். வேலையை நான் பாத்துக்கறேன்."

ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு சேர்ந்தே நடந்தார்கள். சற்றுத் தூரம் போனதும் மச்சான் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் திரும்பி, ஜன்னலைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் முகத்தைத் திருப்பியதும் மாப்பிள்ளையும் அதே ஜன்னலைப் பார்த்துக் கண்ணடித்தார்.