வண்டல் பூசிய ஸ்கூட்டர்

தேனாம்பேட்டை கனகராஜ் அசல் வண்டியைப் பார்த்துச் செய்யும் காகித மாதிரி வண்டியில் எந்த இடத்தில் துரு வரைகிறாரோ, மறுநாள் அசல் வண்டியிலும் அதே இடத்தில் துரு பிடித்துவிடும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். சாந்தோம் சவரிமுத்துவின் மீன் வண்டியை ஒரு முறை ஒரு சாண் நீளத்துக்குச் செய்து, கதவோரம் ஆசை தீரத் துருவேற்றினார். ஒரே வாரத்தில் அசல் கதவு கையோடு வந்துவிட்டது. சண்டைக்கு வந்த சவரிமுத்து அந்தக் காகித வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியே என் வண்டி கணக்காவே கீதே! டயராண்ட மட்டும் கை வெக்காத, நைனா" என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கிய அன்று, கனகராஜின் மனைவி மதுமதி சைதாப்பேட்டையில் தனியாக இருந்த அக்காவைக் கூட்டிவர ஸ்கூட்டரில் போனாள். அக்கா மொட்டைமாடிக்கு ஏறிப் பிழைத்தாள். மதுமதியும் திரும்பவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. கனகராஜ் அந்த வெளிர்நீல ஸ்கூட்டரைத் தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி, ஒரு பொட்டு அழுக்குகூட வைக்காமல் அலமாரியில் நிறுத்தினார். காகிதம் அழுக்காகாதவரை அசலும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் தப்பவில்லை. மறுநாளிலிருந்து மாலை ஆறரைக்கு வாசலில் ஹாரன் இரண்டு முறை அடித்தது, கேட்டைத் திறக்கச் சொல்லி அவள் அடிப்பது போலவே. திறந்தால் யாரும் இல்லை. ஒன்பது வருஷம் அவர் தினமும் திறந்தார். பக்கத்து வீடுகளில் அந்த ஹாரனைக் கேட்டுத்தான் விளக்கேற்றினார்கள்.

ஆனால் மாதிரி வண்டி செய்கிறவர்களுக்கு ஒரு பொல்லாத வீம்பு உண்டு: அழுக்கில்லாத வண்டி பொம்மை, ஓடிய வண்டிதான் வண்டி. போன வருஷம் ஆழ்வார்பேட்டைக் கண்காட்சிக்கு, புத்தி கெட்டுப்போய், ஸ்கூட்டரையும் எடுத்துப்போனார். பரிசுக்குத் தேர்வு செய்ய வந்த ஜெயலக்ஷ்மி மேடம், "வேலை ரொம்ப நீட்டா இருக்கு சார். ஆனா எங்கயும் ஓடின வண்டி மாதிரி தெரியலையே" என்றார்.

மதுமதி ஓட்டாத ஓட்டமா? சுருக்கென்றது அவருக்கு. அடுத்த ஞாயிறு காலை, கால் வைக்கும் இடத்தில் அவள் செருப்பு தேய்த்த தடம் மட்டும் போதும் என்றுதான் சாயம் ஒற்றும் ஸ்பாஞ்சை எடுத்தார். தடம் வந்ததும் மட்கார்டு வெறிச்சென்று தெரிந்தது. மட்கார்டுக்குச் சேறு வைத்ததும் சக்கரம் பொய்யாகப் பட்டது. அடையாற்றங்கரை வண்டலைச் சலித்து, பசையில் குழைத்து, சீட் வரை ஏற்றிவிட்டுத்தான் கை நின்றது. வாழ்நாளில் அவ்வளவு அசலாக அவர் எதையும் செய்ததில்லை. அன்று மாலை ஹாரன் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை, ஆற்றைத் தூர்வாரியவர்கள் ஒரு வெளிர்நீல ஸ்கூட்டரை வெளியே எடுத்தார்கள். சீட் வரை வண்டல். கொக்கியில் மதுமதியின் பை. போய்ப் பார்த்த கனகராஜ் வீட்டுக்கு ஓடிவந்து ஈரத்துணியால் காகித ஸ்கூட்டரைத் துடைக்கப் பார்த்தார். அட்டை ஊறிப் பிய்ந்ததுதான் மிச்சம். "நானே அவள முக்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தேற்ற வந்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. அது உண்மைதானே.

அன்றிலிருந்து காகித ஸ்கூட்டரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறார். மாலை ஆறரைக்குக் கேட்டைத் திறந்து தட்டைத் தெருவில் கவிழ்ப்பார். அந்தப் பக்கம் போகும் சவரிமுத்து வண்டியை மெதுவாக்கி, "இன்னிக்கு தண்ணி இன்னா அளவு கீது?" என்று கேட்பார்.

"நேத்து அளவுதான்" என்று சொல்லிவிட்டு, கனகராஜ் கேட்டை மூடிக்கொள்வார்.