பன்னிரண்டு வருஷ உத்தரவாதம்

என் கணவன் வெர்லினுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே மூன்று வருஷக் கணக்குதான். நல்லபடியாகப் போனால் மூன்று வருஷம் என்றார் மருத்துவர். நான் ‘நல்லபடியாக’ என்பதைப் பிடித்துக்கொண்டேன், அவன் ‘மூன்று’ என்பதைப் பிடித்துக்கொண்டான். டயர் மாற்றப் போனால் இருப்பதிலேயே மட்டமானதைக் காட்டி, “மூணு குளிர்காலம் தாங்குமில்ல? போதும்” என்பான். ஒழுகுகிற கூரைக்கு ஒட்டுப் போட்டால் போதும் என்றான். முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் அவன், நவம்பரிலேயே ஏப்ரல் வரைக்கும் யோசித்து வைப்பவன். அந்த மனுஷன் இப்படிச் சுருங்கிப்போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. நோயைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மாட்டேன்.

அதனால்தான் இந்தக் கம்ப்யூட்டர். வியாழக்கிழமை மதியம் ஆனால் போதும், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நேரில் பார்த்தேயிராத ஐந்து பேரோடு சேர்ந்து சண்டை விளையாட்டு ஆடுவான். அவனுடைய பழைய கம்ப்யூட்டரோ எதிரி சுட்டு முடித்த பிறகுதான் எதிரியையே காட்டும். “பாகமெல்லாம் வாங்கிப் புதுசா ஒண்ணு கட்டு, இருக்கறதுலயே பெருசா” என்று நான் பின்னாலேயே நின்று விரட்டி, என்னென்ன வேண்டும் என்று எழுத வைத்தேன். எங்கள் ஊர் டுலூத்திலிருந்து இரண்டரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு மினியாபொலிஸில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தோம்.

அங்கே எங்களைக் கவனித்தவர் பெங் மோவா. நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“கிராபிக்ஸ் கார்டு கடையிலேயே பெருசு. மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை மட்டும் அறுநூத்தம்பது வாட், ‘மலிவா எதுன்னாலும் சரி’ன்னு எழுதியிருக்கீங்களே சார்?”

“ஓடும்ல?”

“ஓடும், சண்டை சூடு பிடிக்கிற வரைக்கும். கார்டு திடீர்னு ஒரு கணம் ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்ப இது தாங்காது, பொசுக்குனு அணைஞ்சிடும்.”

“யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழறான்” என்றேன் நான்.

வெர்லின் என்னை முறைத்தான். ஆனாலும் ஆயிரம் வாட்டுக்குச் சம்மதித்தான். பெங் இரண்டு பவர் சப்ளைப் பெட்டிகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஆயிரம் வாட். ஒன்று லேசு, மூன்று வருஷ உத்தரவாதம். இன்னொன்று நல்ல கனம், பன்னிரண்டு வருஷம்.

“மூணு வருஷத்துக்கானது போதும்” என்றான் வெர்லின்.

“அப்படி இல்ல சார். மத்ததெல்லாம் நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும், மாத்திடுவீங்க. இத மட்டும் கழட்டி அடுத்த கம்ப்யூட்டர்ல மாட்டுவீங்க, அதுக்கு அடுத்ததுலயும் மாட்டுவீங்க.”

“அடுத்தது கிடையாது. எனக்கு இருக்கறதே மூணு வருஷம். டாக்டர் சொல்லிட்டார்.”

நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னான். பெங் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, துடைத்து, மறுபடி தலையிலேயே ஏற்றிக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க சார்” என்றார். அவர்மேல் என்ன தப்பு?

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. கனமான பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன்.

“திருப்பி வை, அர்லிஸ்.”

“மாட்டேன்.”

“பன்னெண்டு வருஷம் யாரு விளையாடப் போறா?”

“நீதான்.”

“டாக்டர் சொன்னத நீயும்தானே கேட்ட?”

“கேட்டேன். சொன்னத அவரே வச்சுக்கட்டும். வானிலைக்காரன் புயல்னு சொன்னான்னு என்னைக்காவது நீ வண்டிய ஷெட்டுலயே போட்டுட்டு வந்திருக்கியா?”

“அது வேற.”

“என்ன வேற? ரோடே தெரியலன்னாலும் பனி தள்ளுற பிளேட இறக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்ப. அப்புறம் வந்து சூப் எங்கன்னு கேப்ப. அந்த ஆளுக்குத்தான் நான் இத வாங்கறேன். மூணு வருஷத்து ஆளுக்கு வாங்கறதா இருந்தா நான் வீட்டவிட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.”

எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் கடையில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். அருகே மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். போகட்டும். அறுபத்தாறு வருஷமாக மெதுவாகப் பேசி என்னத்தைக் கண்டேன்?

வெர்லின் பெட்டியை எடுத்துத் திருப்பி வைக்கவில்லை. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை.

கல்லாவில் பெங்கே கணினியில் எல்லாவற்றையும் பதிந்தார். கடைசியில் தயங்கினார்.

“உத்தரவாதம் யார் பேருல போடட்டும்? யார் பேருல போடறமோ அவங்களுக்கு மட்டும்தான் செல்லும். வேற யாருக்கும் மாத்தித் தரமாட்டாங்க.”

“அவ பேர்ல போடுங்க. அவளாவது இருப்பா” என்றான் வெர்லின்.

அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் எனக்கு ஆகவில்லை.

“என் பேரப் போட்டீங்கன்னா இத இங்கயே வச்சுட்டுப் போயிடுவேன்” என்றேன் பெங்கிடம். பிறகு வெர்லின் பக்கம் திரும்பினேன். “உன் பேருதான். நீ இல்லேன்னா இந்த உத்தரவாதம் செல்லாது. அதனால நீ இருக்கணும், வெர்லின். இருந்துதான் ஆகணும்.”

“பன்னெண்டு வருஷம் முடியறப்ப எனக்கு எம்பத்தொரு வயசு ஆகும்.”

“ஆகட்டுமே. அப்பவும் குறி பாக்கத் தெரியாமத்தான் சுட்டுக்கிட்டு இருப்ப.”

பெங் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். துடைக்கவும் இல்லை, பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று நின்றேன்.

 வெர்லின் கல்லாவின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னான், அவனுக்குப் பிடிக்காத நடுப்பெயரையும் சேர்த்து. பெங் தட்டச்சு செய்து முடித்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு அவரிடம் கேட்டான்:

“ஒரு விஷயம். பதினோராவது வருஷம் இது கெட்டுப்போச்சுன்னா, நான் யாருக்கு போன் பண்ணணும்?”