மூவருக்கு ஓர் ஆங்கிலம்

எங்கள் கல்லூரியில் மூன்று பேருக்கு ஓர் ஆங்கிலம் கொடுப்பார்கள். கூடிக் கற்றவர்களுக்கே வேலை கிடைக்கும் என்பது ஆங்கிலத் துறையின் கொள்கை. எங்கள் குழுவில் வணக்கம் சொல்லும் பகுதி சகாயமேரிக்கு வந்தது. பதில் சொல்லும் பகுதி தமீமுக்கு. மன்னிப்புக் கேட்கும் பகுதி எனக்கு.

"ஏ கோமு, மூணு வருசமா மன்னிப்புக் கேக்கியே, அப்படி என்னத்தத்தான் செஞ்ச?" என்று தமீம் சிரிப்பான்.

கடைசிப் பருவத்தில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு வந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அப்பா என்னைத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கச் சேர்த்துவிடுவார். தேர்வு அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அப்படியானால் இருவர் தங்கள் பகுதியை மூன்றாமவருக்கு இரவல் கொடுப்பது வழக்கம். சீட்டுக் குலுக்கினோம். சகாயமேரி பெயர் வந்தது.

"திங்கக்கெழம திருப்பித் தந்துருவேன்ட்டி, மாதா சத்தியமா," என்றாள்.

நான் என் மன்னிப்பைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அன்றே சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பார்சலும் கடிதமும் வந்தன. 'வணக்கத்தை எங்கள் இயந்திரமே சொல்லிவிடும். பதில் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே இரண்டையும் திருப்பி அனுப்பியுள்ளோம். மன்னிப்பு மட்டும் நாள் முழுவதும் தேவைப்படுகிறது.'

சகாயமேரிக்குப் போன் செய்தேன்.

"சகாயம், அது என்னோடதுட்டி. அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருது."

"சாரி மேடம்," என்றாள்.

வேலை நேரத்தில் அங்கே தமிழ் பேசக் கூடாது. ஆங்கிலத்தில் அவளிடம் வேறெதுவும் இல்லை.

அடுத்த கம்பெனியின் தேர்வுக்கு என்னையும் தமீமையும் உள்ளே விடவில்லை. குழுவில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் மூவருக்கும் கிடைத்ததாகவே துறை எழுதிக்கொள்ளும். கல்லூரி வாசலில் கட்டியிருந்த பேனரில் எங்கள் மூன்று முகங்களும் இருந்தன. என் முகம்தான் நன்றாக விழுந்திருந்தது. தமீம் அதன் கீழே நின்று வெகுநேரம் பார்த்தான். பதில்கள் எல்லாம் கையில் இருந்தும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நான் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தேன்.

மாதக் கடைசியில் தபால்காரர் வந்தார். சகாயமேரி வேலை பார்த்த களைப்பைக் கம்பெனியில் மூன்றாகப் பங்கிட்டு அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு என் பங்கை வாங்கினேன். உள்ளே கொண்டுபோய், என் களைப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.