வாத்துப் படம் போட்ட துணி

இருபது நாளாக அந்தக் காரில் பிண நாற்றம். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அர்த்தநாரி, மூன்றாவது முறையாக அதை அவிநாசி ரோட்டு ஷோரூமின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டிருந்தார். முதல் இரண்டு முறையும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏசிக்குள் நுரை அடித்து, மேலே செண்ட் அடித்து, பில்லையும் தீட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

மூன்றாவது முறை கார் ராஜபாண்டியிடம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், ஐடிஐ படித்தவன், ஏழு வருடமாக அங்கே டெக்னீஷியன். அங்கே சம்பளம் ஒரு தினுசு. எந்த வேலைக்கு எத்தனை மணி என்று கார் கம்பெனிக்காரன் எழுதி வைத்திருப்பான். வாடிக்கையாளர் பில் கட்டினால்தான் அந்த மணி டெக்னீஷியன் பேரில் ஏறும். பில் இல்லையென்றால் நாள் முழுக்க வண்டிக்கடியில் முதுகு தேயக் கிடந்தாலும் சைபர்தான். ஆறு மாதம் விடாமல் குறித்த மணியைத் தொட்டால் சீனியர் டெக்னீஷியன், நிரந்தரமாகச் சம்பள உயர்வு. ராஜபாண்டி இரண்டு முறை ஐந்தாவது மாதத்தில் கோட்டை விட்டவன். இது ஆறாவது மாதம், கடைசி வாரம்.

“நுரைய அடிச்சு அனுப்பிச்சிரு கண்ணு. டேஷ்போர்டக் கழட்டுனா ரெண்டு நாள் போயிரும்,” என்றான் கதிர்வேல். வாடிக்கையாளரிடம் பேசி பில் போடுகிற சர்வீஸ் அட்வைசர் அவன்.

“அண்ணே, உள்ள என்னமோ செத்துக் கெடக்கு. உங்களுக்கு மூக்கு இல்லையா?” என்று சொல்லிவிட்டு ராஜபாண்டி ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

இரண்டாம் நாள் மதியம் ஏசிப் பெட்டி வெளியே வந்தது. அட கருமமே! ஒரு தாய் எலி, ஏழு குட்டி. ஊதி வெடித்து, புழு நெளிந்தது. இந்தக் காற்றைத்தான் அந்த மனிதரின் குடும்பமே இத்தனை நாளாகச் சுவாசித்திருக்கிறது. ராஜபாண்டி ஓடிப்போய் வாஷிங் பக்கம் வாந்தி எடுத்தான். வாயைத் துடைக்கப் பாக்கெட்டிலிருந்து துணியை உருவியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மஞ்சள் வாத்துப் படம் போட்ட குழந்தை பனியன் துணி. கை துடைக்க ஒர்க்‌ஷாப் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் வேஸ்ட். எலிக்கூடு முழுக்க அதே வாத்துதான். துண்டுக்குத் துண்டு கருப்பு இன்ஜின் ஆயில் ஊறியிருந்தது.

யோசிக்கவே வேண்டியதில்லை. ஆடி மாதம் பம்பர் மாற்ற வந்த இதே கார், பார்ட்ஸ் வரவில்லை என்று பன்னிரண்டு நாள் பின்பக்கத்தில் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் நின்றது. எலி ஒர்க்‌ஷாப் எலி. அப்படியென்றால் வேலை இலவசம். இந்த வேலைக்கு எழுதியிருக்கும் பதினான்கு மணி நேரமும் சைபர். சீனியர் வேலையும் போச்சு.

கதிர்வேலிடம் சொன்னான். அவன் ஒர்க்‌ஷாப்பைக் காட்டிக்கொடுக்கும் ஆயில் பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டான். ஓரளவு சுத்தமான நாலு துண்டை மட்டும் தட்டில் பரப்பிவிட்டு அர்த்தநாரியைக் கூப்பிட்டான். அதைப் பார்க்கப் பார்க்க, செத்த எலியே தேவலை என்றிருந்தது ராஜபாண்டிக்கு.

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். “அட, இது நம்ம வாத்து ஆர்டர் துணியாச்சுங்களே! கேன்சலாயி எங்க குடோன்ல கெடந்த லாட்டுங்க. எம்பட குடோன் எலியே எம்பட வண்டிய நாறடிச்சிருக்குது பாருங்க! உங்களப் போய் கண்டபடி பேசிப்போட்டனுங்களே, மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவால்லீங்க சார்,” என்றான் கதிர்வேல், பெரிய மனசுக்காரன் மாதிரி.

ராஜபாண்டி வாயைத் திறந்தான். பதினான்கு மணி நேரம் தொண்டையில் வந்து நின்றது. மூடிக்கொண்டான். அர்த்தநாரி பில்லைக் கட்டிவிட்டு நூறு ரூபாயை மடித்து அவன் பாக்கெட்டில், அந்த வாத்துத் துணியின் மேலேயே செருகினார். “நல்லா இருங்க தம்பி.”

ஒன்றாம் தேதி புதுச் சட்டை வந்தது, நெஞ்சில் ‘சீனியர் டெக்னீஷியன்’ என்ற பேட்ஜோடு. அவன் மனைவி நதியா கேசரி கிண்டினாள். அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். லைன் வீட்டில் பக்கத்து வாசல் ஒச்சம்மாள் சாப்பாட்டுத் தூக்கு இல்லாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் உசிலம்பட்டிப் பக்கம்தான். அர்த்தநாரி கம்பெனி குடோனைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

“என்னக்கா, லீவா?”

“நேத்தோட கணக்க முடிச்சுட்டாகப்பா. குடோன நான் சுத்தமா வைக்கலையாம். அங்கருந்துதான் மொதலாளி காருக்கு எலி போச்சாம். அந்த வாத்துத் துணிய நான் ஆறு மாசத்துக்கு முந்தியே மூட்ட கட்டி வேஸ்ட்டு யாவாரிக்கு ஏத்திவிட்டுட்டேன். சொன்னா யாரு கேக்குறா?” அவள் நிமிர்ந்தாள். “நீதான வண்டியப் பிரிச்சியாம்? எலி எங்கருந்து வந்துச்சுன்னு நெசமாவே தெரியாதா?”

உள்ளே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த நதியாவின் கை நின்றது.

“எங்க ஒர்க்‌ஷாப்பு எலிக்கா. துணியும் நாங்க வாங்கிப் போட்டதுதான். தெரிஞ்சேதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

ஒச்சம்மாள் அவன் நெஞ்சில் இருந்த பேட்ஜையே கொஞ்ச நேரம் பார்த்தாள். காறித் துப்புவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றான்.

“சரி விடு,” என்றாள். “இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. எனக்குத்தான் போச்சு, ஒன் வேலையாவது நிக்கட்டும்.”

குப்பென்று அந்த நாற்றம் வந்தது. கார் இல்லை, எலி இல்லை, சோப்பு வாசம் போகாத புதுச் சட்டைதான். தன் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு அவனுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை.

பேட்ஜைக் கழற்றி நதியாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

“ஏறுக்கா.”

“எங்கப்பா?”

“முதலிபாளையம். ஒங்க மொதலாளியப் பாக்கத்தான்.”